ஓரத்தில் பென்சில் எழுத்து

ஜெரினா: இத்தையும் சேத்து ஒட்டிடு மதினி.

மலிகா: எதை?

ஜெரினா: இந்த நோட்ட.

மலிகா: இது பழைய காயிதம் இல்லையே ஜெரினா. உன் நோட்டு.

ஜெரினா: நாளைக்குப் பழசாயிடும். அளவு கூட தோதா கீது. ஒரு தாளுக்கு ஒரு பை. ஸ்டேஷன் வாசல்ல பட்டாணி விக்கிறாரே பாஸ்கரு, அவருக்குக் குடுத்துடலாம்.

மலிகா: அரிசிப் பானைக்குப் பின்னால அவ்வளவு பத்திரமா ஒளிச்சு வெச்சிருந்தியே...

ஜெரினா: உனக்கு எப்டித் தெரியும்?

மலிகா: இந்த வீட்ல அரிசி எடுக்கறது யாரு?

ஜெரினா: அக்காங்... அது சரி.

மலிகா: பசை கெட்டியாயிடுச்சு. வெந்நி ஊத்திக் கலக்கு. கலக்கிகிட்டே சொல்லு, எதுக்குக் கிழிக்கணும்?

ஜெரினா: நாளைக்கு ஜும்மா முடிஞ்சி புளியந்தோப்புலேர்ந்து பொம்பளைங்க வர்றாங்க இல்ல?

மலிகா: பொண்ணைத்தானே பாக்க வர்றாங்க. அரிசிப் பானையையா பாக்கப் போறாங்க?

ஜெரினா: வெளாடாதே மதினி. அந்த மாப்ள அத்தாவுல்லாவோட அம்மா கேட்டு அனுப்பிச்சாங்களாம், பொண்ணு படிச்ச பொண்ணான்னு. படிச்சிருந்தா வேணாமாம். அத்தா இன்னா சொல்லி அனுப்பினாரு தெரியுமா?

மலிகா: என்ன சொன்னார்?

ஜெரினா: எம்பொண்ணுக்கு ஓதத் தெரியும், பை ஒட்டத் தெரியும், அத்தத் தவுர ஒரு எழுத்து தெரியாதுன்னாரு.

மலிகா: ஏழாங்கிளாஸ் வரைக்கும் போனது?

ஜெரினா: அது நடக்கவே இல்ல. நான் பொறந்ததுலேர்ந்து இங்கயே குந்தி பை ஒட்டிகினு கீறேன்.

மலிகா: நீ என்ன சொன்னே?

ஜெரினா: நான் இன்னா சொல்றது... தலைய ஆட்னேன். நல்ல எடமாம். தோல் மண்டில வேலையாம், கொணமும் தங்கமாம். அம்மா ஒரு வாரமா சிரிச்ச மொகமா கீது. அத்தப் பாத்துட்டு எப்டி மதினி...

மலிகா: ம்.

ஜெரினா: உனக்கு இந்தப் பேஜாரே இல்ல. மெய்யாலுமே ஒண்ணும் தெரியாது. மறைக்கவும் வேணாம்.

மலிகா: ...ஆமா.

ஜெரினா: கோச்சிக்காதே. கெட்டதா சொல்லல.

மலிகா: கோவம் இல்ல கண்ணு. அந்தக் குச்சியை இங்க குடு. சரி, ஒட்டிடலாம். ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் படிச்சுக் காட்டு. என்ன எழுதியிருக்கேன்னே தெரியாம பட்டாணி மடிக்கறதா?

ஜெரினா: நீ சிரிப்பே.

மலிகா: சிரிக்க மாட்டேன்.

ஜெரினா: இப்பவே சிரிக்கிறே.

மலிகா: இது பசை நாத்தத்துக்கு மூஞ்சி சுளிக்கறது. படி.

ஜெரினா: அண்ணன் ஹார்பர்லேர்ந்து தூக்கிகினு வந்த மூட்டைல ஒரு தடி பொஸ்தகம் இருந்துச்சே, அட்டையில்லாம...

மலிகா: அமெரிக்காக்காரன் கப்பல்லேர்ந்து எறக்கிப் போட்டதுன்னு சொன்னாரே, அதுவா?

ஜெரினா: அத்தேதான். கதைப் பொஸ்தகம் மதினி. நூறு வருசத்துக்கு மின்னே எழுதினது, மொதத் தாள்ல வருசம் போட்டிருந்துச்சு. பேரத்தான் எலி துன்னுடுச்சு. நாம வாரத்துக்கு ரெண்டு மூணு தாளு அதுலேர்ந்தும் எடுத்து ஒட்டறோமே, ஒட்டறதுக்கு மின்னே நான் ஒரு தபா படிச்சிடுவேன். தெரியாத வார்த்தையெல்லாம் இதுல எழுதிக்குவேன். அப்பாலதான் பசை தடவுவேன்.

மலிகா: அதான் உன் பக்கம் பை குறைச்சலா வருதா? மாமி என்னைத் திட்றாங்க, நீதான் சோம்பேறின்னு.

ஜெரினா: மன்னிச்சிக்க.

மலிகா: மன்னிச்சாச்சு. கதை என்ன?

ஜெரினா: பெரிய ஆறு. ஆத்துல ஓடம் வுடறவரோட பொண்ணு ஒண்ணு, ஆபிகெயில்னு. அவளுக்கு ஒரு கடுதாசி வருது. அத்தப் பிரிக்காமலே வெச்சிகினு கீறா. பதினோரு வருசமா.

மலிகா: பதினோரு வருஷமா? பைத்தியமா அவ?

ஜெரினா: பயம். பிரிச்சா எதுனா மாறிப்பூடும்னு. நோட்ட படிக்கவா, கதை கேக்கறியா?

மலிகா: நோட்டு, நோட்டு.

ஜெரினா: "ரெலக்டன்ட். மனமில்லாமல் ஒப்புக்கொள்வது. உதாரணம்: பெருநாளைக்கு முன் அத்தா எங்களோடு துணிக்கடைக்கு வருவது."

மலிகா: ஹஹ்ஹா...

ஜெரினா: சிரிக்க மாட்டேன்னியே.

மலிகா: இல்ல இல்ல. வாசல் வரைக்கும் வந்துட்டு செருப்பைத் தேடுவாரே... நீ படி.

ஜெரினா: "இன்ஸ்க்ரூட்டபிள். பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாதது. உதாரணம்: மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பச்சையம்மா அக்காவின் முகம். விற்றதா, விற்கவில்லையா, அல்லாவுக்குத்தான் தெரியும்."

மலிகா: அது நிஜம். அடுத்தது.

ஜெரினா: "ஆர்டுவஸ். பெரும்பாடு. உதாரணம்: ஹபீபுல்லா அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது."

மலிகா: இது எனக்கு எழுதினதா?

ஜெரினா: இப்போ உன் பாடு, அதுக்கு மின்னே என் பாடு. அப்புறம் இது... "மெலன்கலி. காரணம் தெரியாத வருத்தம். உதாரணம்: ராயபுரம் ஸ்டேஷனில் வண்டி போன பிறகு இருப்பது. யாரையும் வழியனுப்ப வராவிட்டாலும்."

மலிகா: இதைப் போய்ப் பட்டாணிக்கு மடிக்கச் சொல்றியே.

ஜெரினா: சொம்மா இரு. இன்னும் ஒண்ணு. "பெனிவலன்ட். பிறருக்கு நல்லது நினைக்கிற மனம். உதாரணம்: பென்சில்காரர்."

மலிகா: பென்சில்காரரா? யார் அது?

ஜெரினா: அத்த சொல்லவே இல்ல இல்ல... அந்தப் பொஸ்தகத்துல, கஷ்டமான வார்த்தைக்கெல்லாம் கீழ ஒரு கோடு. ஓரத்துல பென்சில்ல தமிழ்ல அர்த்தம். சின்னதா, அடக்கமா. எனக்கோசரமே எழுதின மாதிரி. ஏழாங்கிளாஸ் படிப்ப வெச்சிகினு நான் இத்தயெல்லாம் எங்க புரிஞ்சிக்கறது? எல்லாம் அவரு புண்ணியம்.

மலிகா: ஓ... அப்போ புளியந்தோப்பு மாப்பிள்ளை வேண்டாம், பென்சில் மாப்பிள்ளைதான் வேணுங்கறியா?

ஜெரினா: கய்தே மாதிரி பேசாதே.

மலிகா: காது செவந்துடுச்சு பார்.

ஜெரினா: வெயிலு.

மலிகா: வீட்டுக்குள்ளயா?

ஜெரினா: காலேஜு படிச்ச யாரோ பெரியவரா இருக்கும் மதினி. கண்ணாடி போட்டுகினு.

மலிகா: ஆம்பளைன்னு எப்படி முடிவு பண்ணே?

ஜெரினா: பொம்பளைங்களுக்கு இம்மா இங்கிலீஷு எவன் கத்துக்குடுக்கறான்?

மலிகா: ...அதுவும் சரிதான்.

ஜெரினா: ஆனா ஒண்ணுதான் புரியல. அமெரிக்காக்காரன் கப்பல்லேர்ந்து வந்த பொஸ்தகம். அதுல தமிழு எங்கேர்ந்து வந்துச்சு?

மலிகா: யாராவது இரவல் வாங்கியிருப்பாங்க. அந்த மூலையைச் சரியா மடி, காத்து போகுது பார்.

ஜெரினா: அம்மா வருது. நோட்ட மறை.

ரஹீமுன்னிசா: இன்னாடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? காலைலேர்ந்து ஒட்டினது இவ்ளோதானா?

மலிகா: பசை இறுகிடுச்சு மாமி.

ரஹீமுன்னிசா: பசை மேல பழி. தோ பாரு ஜெரினா, நாளைக்கு அவுங்க வர்றப்போ தலைய குனிஞ்சி குந்து. செவுத்துல காலண்டரு கீது, அந்தப் பக்கம் திரும்பாதே. எழுத்து கண்ட எடத்துல உன் கண்ணு போயி நிக்கிது. நேத்து பஸ்ஸு போர்ட கூட வாய்க்குள்ள படிக்கிறே.

ஜெரினா: சரிம்மா.

ரஹீமுன்னிசா: மலிகாவப் பாத்துக் கத்துக்க. வந்து எட்டு மாசமாவுது. வாயத் தொறந்து ஒரு கேள்வி உண்டா? நிக்காஹ்ல பேனாவ நீட்டினப்போ, நம்ம ஹபீபு மாதிரியே கட்ட வெரல நீட்டிச்சு. ஜமாத்துல எல்லாரும் இன்னா சொன்னாங்க? மாப்ளையும் கைநாட்டு, பொண்ணும் கைநாட்டு, ஜோடிப் பொருத்தம்னு.

மலிகா: தண்ணி குடிக்கறீங்களா மாமி?

ரஹீமுன்னிசா: வேணாம். ஆமா, கேக்கணும்னு இருந்தேன். உன்னோட வாணியம்பாடிலேர்ந்து வந்த அந்த டிரங்குப் பொட்டி... ரெண்டாளு மூச்சு வாங்கித் தூக்கிகினு வந்தாங்க. வெங்கலம் எக்கச்சக்கமா கீதுன்னு பூரிச்சிப் போயிருந்தேன். இன்னிக்கி வரைக்கும் ஒரு சொம்பு கூட வெளிய வர்ல. நாளைக்கு நாலு பேரு வர்றாங்க, ஒரு தாம்பாளமாவது எடுத்து வை.

மலிகா: எடுக்கறேன் மாமி. நேரம் வரட்டும்.

ரஹீமுன்னிசா: எப்போ வரும் உன் நேரம்... தோ, ஹபீபு ஷிஃப்டு முடிஞ்சி வந்துட்டான். தண்ணி மொண்டு வைக்கறேன். நீங்க கைய வேகமா ஆட்டுங்க.

ஜெரினா: ...போயிடுச்சா?

மலிகா: போயிட்டாங்க. நோட்டை எடு. இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?

ஜெரினா: ஒண்ணுதான். அத்தப் படிக்க வேணாம். அப்டியே ஒட்டிடு.

மலிகா: ஏன்?

ஜெரினா: அந்த வார்த்தைக்குப் பென்சில்காரரு அர்த்தம் எழுதல. கோடு மட்டும் போட்டாரு. எழுதி எழுதி அழிச்ச மாதிரி ஓரமெல்லாம் அழுக்கா கெடந்துச்சு. மத்த எல்லாத்துக்கும் எழுதினவரு, இதுக்கு மட்டும் ஏன் எழுதல?

மலிகா: பென்சில் முனை உடைஞ்சிருக்கும்.

ஜெரினா: அடுத்த வரில வேற வார்த்தைக்கு எழுதிகீறாரே.

மலிகா: ...தெரியாத வார்த்தையா இருக்கும்.

ஜெரினா: இருக்கும். அதனால நானே ஒரு அர்த்தம் எழுதிக்கினேன். சரியா தப்பான்னு தெரில.

மலிகா: படிச்சுக் காட்டு.

ஜெரினா: நான் படிக்க மாட்டேன். இந்தா. நீயே படி மதினி.

மலிகா: ...நானா? எனக்கு எங்க...

ஜெரினா: கைல பசை கீதா? நான் புடிச்சிக்கிறேன். பாரு.

மலிகா: ஜெரினா, என்ன விளையாட்டு இது...

ஜெரினா: அம்மா கொல்லப் பக்கம் பூட்ச்சு. யாரும் இல்ல.

மலிகா: ..."டிசெம்பிள். தெரிந்ததைத் தெரியாததுபோல் காட்டிக்கொள்வது. உதாரணம்... உதாரணம்: எங்கள் மதினி."

ஜெரினா: மீதியும் படி.

மலிகா: "எழுத்துத் தெரியாதவர் காயிதம் அடுக்கினால் பாதி தலைகீழாக இருக்கும். அம்மா அடுக்கினால் அப்படித்தான். மதினி அடுக்க வந்த நாளிலிருந்து ஒரு தாள்கூடத் தலைகீழாக இல்லை. நம்பர் பிரகாரம் வருகிறது. நான் வேண்டுமென்றே கலைத்துப் போட்டேன். மறுநாள் நூற்றுப் பன்னிரண்டுக்குப் பின்னால் நூற்றுப் பதின்மூன்று இருந்தது. மதினிக்குக் கதை பாதியில் அறுந்தால் பிடிக்காது போலிருக்கிறது." ஜெரினா, எவ்வளவு நாளா தெரியும்?

ஜெரினா: அந்தப் பொஸ்தகத்த மறுபடி எடுத்த மொத வாரமே. உன் கல்யாண வேலைல ரெண்டு மாசம் மூட்டைல கெடந்துச்சு. அதுக்கு மின்னே முப்பது பக்கம் நானே ஒட்டினேன். அதுல பென்சிலே இல்ல. நீ வந்தப்புறந்தான் பென்சில்காரரும் வந்தாரு.

மலிகா: அப்போ கண்ணாடி போட்ட பெரியவர்?

ஜெரினா: நானும் கொஞ்சம் டிசெம்பிள் பண்ணேன்.

மலிகா: களவாணி.

ஜெரினா: அழுவுறியா சிரிக்கிறியா மதினி?

மலிகா: ரெண்டும் இல்ல. பசை நாத்தம்.

ஜெரினா: எத்தினி வரைக்கும் படிச்சே?

மலிகா: ஒம்பதாவது. எங்க மாமு, அம்மா கூடப் பொறந்தவங்க, சேத்து விட்டாங்க, மூடு வண்டில போவேன். அவுங்க கண்ணை மூடி மௌத்தானதும் நின்னு போச்சு. அப்புறம் ரெண்டு இடம் வந்தது. படிச்ச பொண்ணு அடங்காதுன்னு திரும்பிப் போயிட்டாங்க. மூணாவது உங்க அண்ணன். அவர் சொல்லி அனுப்பினாராம், படிச்ச பொண்ணு வேணாம், என்னைக் கேவலமா நினைப்பான்னு.

ஜெரினா: அண்ணனா சொல்லிச்சு?

மலிகா: பயம்தான் அவருக்கு. மனசு கெட்டது இல்ல. எங்க வீட்ல ஒரே பேச்சா சொல்லிட்டாங்க, பொண்ணுக்கு ஒரு எழுத்து தெரியாதுன்னு. பேனாவை நீட்டினப்போ கை தானா போச்சு தெரியுமா, வாங்கறதுக்கு. மடக்கிகிட்டு கட்டை விரலை நீட்டினேன். அந்த மை மூணு நாள் போகல.

ஜெரினா: மதினி... நான் இந்த நோட்ட இன்னிக்கி எதுக்கு எடுத்தாந்தேன் தெரியுமா? ஒட்டறதுக்குத்தான். பொய் இல்ல. ஆனா அதுக்கு மின்னே உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு. உன்னத் தவுர யாராண்டயும் கேக்க முடியாது.

மலிகா: கேளு.

ஜெரினா: நீ எட்டு மாசமா மூடி வெச்சிகினு கீறே. நான் நாளையிலேர்ந்து ஆரம்பிக்கணும்... ஆயுசு முழுக்க. வலிக்குமா? இல்ல, போவப் போவ மரத்துப் பூடுமா? மரத்துப் பூடும்னு நீ சொன்னா, இப்பவே கிழிச்சிடறேன். மெய்ய சொல்லு.

மலிகா: போன மழைல உங்க அண்ணன் நனைஞ்சு வந்து ரெண்டு நாள் ஜுரமா கிடந்தாரே, ஞாபகம் இருக்கா?

ஜெரினா: கீது. எண்ணூருக்கு மூட்டை எறக்கப் போயிட்டு வேல இல்லன்னு திரும்பி வந்துச்சே. பஸ்ஸு கூட ஓடல அன்னிக்கி.

மலிகா: அதுக்கு முந்தின நாள் வேலை இடத்துலேர்ந்து ஒரு சீட்டு குடுத்து அனுப்பியிருந்தாங்க. அவர் அதை மடில விரிச்சு வெச்சுகிட்டு ரொம்ப நேரம் பாத்துகிட்டிருந்தார். தலைகீழா பிடிச்சிருந்தார் ஜெரினா. நான் எதிர்ல உக்காந்து கீரை ஆஞ்சுகிட்டிருந்தேன். எனக்கு அது நேராத் தெரிஞ்சுது. நாளைக்கு வேலை இல்லை, வரவேண்டாம். அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு.

ஜெரினா: யா அல்லா...

மலிகா: யார்கிட்டயாவது காட்டிக் கேப்பார்னு நினைச்சேன். கேக்கல, வெக்கம். மடிச்சு சட்டைப் பைல வெச்சுகிட்டார். விடியக்காலம் அந்த மழைல கிளம்பறார். நான் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சாயங்காலம் தலை துவட்டி விட்டேன். "நான் ஒரு முட்டாளு, சீட்டுல இன்னாவோ போட்டிருந்தான்"னு சிரிச்சார். என்னைப் பாத்து சிரிச்சார். அன்னைக்கு வலிச்ச மாதிரி எனக்கு எதுவும் வலிச்சதில்ல. இன்னும் மரத்துப் போகல.

ஜெரினா: அப்போ சொல்லிட வேண்டியதுதானே மதினி.

மலிகா: எப்படிச் சொல்றது? எட்டு மாசப் பொய். மூஞ்சியைத் திருப்பிகிட்டார்னா? பொறந்த வீட்டுக்குப் போன்னுட்டார்னா? ஆபிகெயிலைப் பைத்தியம்னு சொன்னேன். எனக்கும் அதே பயம்தான்.

ஜெரினா: அவ கடைசில கடுதாசியப் பிரிச்சாளா? நீ முன்னாடியே படிச்சிருப்பியே.

மலிகா: நூத்தி எம்பது வரைக்கும்தான் அடுக்கியிருக்கேன். இன்னும் பிரிக்கல.

ஜெரினா: நான் நாளைக்கு இன்னா சொல்லட்டும் மதினி? தலைய ஆட்டிடவா?

மலிகா: நீ முதல்ல அந்த நோட்டை...

ரஹீமுன்னிசா: மலிகா... ஏ மலிகா, இங்க வா. புளியந்தோப்புலேர்ந்து ஒரு அம்மா சீட்டு எடுத்துகினு வந்துகீது.

ஜெரினா: தோ நான் வர்றேம்மா.

ரஹீமுன்னிசா: நீ வராதேடி. கம்முனு கெட உள்ள. அந்தம்மா வாசல்லயே குந்திகினு கீது, பதில் வாங்கிகினுதான் போவுமாம். நீ படிச்சேன்னா எல்லாம் கெட்டுது.

ஜெரினா: அத்தா இல்ல?

ரஹீமுன்னிசா: தொழுவப் போயிட்டாரு. பச்சையம்மா வூட்டு தண்டபாணி படிப்பான், அவனும் கடலுக்குப் பூட்டான். தோ, ஹபீபு துண்டோட வந்து சீட்ட வாங்கி வெச்சிகினு நிக்கிறான். படிக்கிறாப்ல கண்ண வேற ஓட்றான். தலைகீழா புடிச்சிகீறானோ இன்னாவோ, அந்தம்மா அவனையே மொறச்சிப் பாக்குது. எனக்கு மானம் போவுது.

ஜெரினா: மதினி...

மலிகா: நோட்டைக் கிழிக்காதே. அரிசிப் பானைக்குப் பின்னால வேணாம். மடியில வெச்சுக்கோ.

ரஹீமுன்னிசா: இன்னாடி பேசிகினு நிக்கிறே? யாரையாவது படிக்கத் தெரிஞ்சவங்கள இட்டுகினு வா.

மலிகா: யாரையும் கூப்பிட வேணாம் மாமி. சட்டை போட்டுக்கறதுக்குன்னு சொல்லி அவரைச் சீட்டோட உள்ள வரச் சொல்லுங்க. நான் மெதுவா படிச்சுச் சொல்றேன், அவரே போய் அந்தம்மாவுக்குப் பதில் சொல்லட்டும். பெட்டில இருக்கறது வெங்கலம் இல்ல மாமி... எங்க மாமுவோட டிக்ஷனரியும் என் பள்ளிக்கூடப் புஸ்தகமும்தான்.